எண்பத்தோராவது ஆள்

அந்தக் கேள்வியை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ, தம்பி.

உங்கடை மடியிலை கிடக்கிற பேப்பரிலை மூண்டு பேற்றை படம் போட்டிருக்கு. மூண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டு நிக்கினம். ஆர் வந்தால் நாட்டுக்கு நல்லம் எண்டு நீங்கள் கேக்கிறது நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்திலையிருந்து பருத்தித்துறை வரைக்கும் பஸ்ஸிலை பக்கத்திலை பக்கத்திலை இருக்கிற ரெண்டு பேர் வேறை என்னத்தைக் கதைக்கிறது? முந்தி எண்டால் நீங்கள் வாய் திறக்க முந்தியே நான் சொல்லியிருப்பன். இப்ப ஆரும் அந்தக் கதையைத் தொடங்கினாலே எனக்குக் காது சுடுது.

ஏன் எண்டு கேக்கிறியளோ? கேக்கேல்லையோ? கேக்காட்டிலும் சொல்லுறன். நான் இறங்க இன்னும் நேரம் கிடக்கு. நீங்கள் இந்தப் பக்கத்து ஆளில்லை, பாத்தாலே தெரியுது. இந்தப் பக்கத்து ஆளெண்டால் நான் வாயே திறக்கமாட்டன்.

என்ரை பேர் நல்லைநாதன். முப்பத்தாறு வருசம் படிப்பிச்சு, உப அதிபரா இளைப்பாறினனான். நான் சொல்லப்போறது பெற்றோல், மண்ணெண்ணெய், காஸ் ஒண்டும் இல்லாமல் சனம் றோட்டிலை நிண்ட வருசத்துக் கதை. அப்ப ஜனாதிபதியா இருந்தவரை நாங்கள் பெரியவர் எண்டுதான் சொல்லுறனாங்கள். கொழும்பிலை சனம் அவரை வீட்டை போ எண்டு கத்துது. அவர் போகமாட்டன் எண்டு கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அவர் போனால் அடுத்தது ஆர் எண்டுதான் எங்கை பாத்தாலும் கதை. கலியாண வீட்டிலையும் அதுதான், செத்த வீட்டிலையும் அதுதான்.

எங்கடை சந்தியிலை இருக்கிற, எண்ணெய் அடிக்கிற செற்றுக்கு மண்ணெண்ணெய் வருகுதாம் எண்டு ஒரு திங்கக்கிழமை கதை பரவினது. நான் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு போகேக்கை முன்னுக்கு நூறு பேர் நிக்கினம். கடலுக்குப் போற சனம், தோட்டக்காரர், அடுப்புக்கு வாங்க வந்த பொம்பிளையள், எல்லாம் ஒரே குவியல். ரெண்டு பேர் ஆளையாள் சட்டையிலை பிடிச்சிட்டினம். எனக்கு எங்கையிருந்து வந்ததோ தெரியாது, "ஆர் உங்கை சத்தம் போடுறது?" எண்டு ஒரு குரல் விட்டன். சும்மா சொல்லக்கூடாது தம்பி, அவ்வளவு சனமும் அப்பிடியே அடங்கினது. பாதிப்பேர் என்னட்டைப் படிச்சதுகள். மற்றப் பாதி பிள்ளையளை என்னட்டை விட்டதுகள்.

அதோடை ஒரு கொப்பி வாங்கித் தந்து, "சேர், நீங்களே பேரை எழுதுங்கோ" எண்டிச்சினம். நானும் எழுதினன். எல்லாக் கானையும் பிடியுக்குள்ளாலை ஒரு கயிறு விட்டுக் கோத்துக் கட்டினம். ஆக்கள் வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வரலாம். ஆனால் காலமை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் ஐஞ்சு, இந்த மூண்டு நேரமும் நான் இடாப்புக் கூப்பிடுவன். பள்ளிக்கூடத்திலை கூப்பிடுறமாதிரித்தான். மூண்டு தரம் கூப்பிட்டும் பதிலில்லையெண்டால் பேருக்கு மேலை சிவப்புப் பேனையாலை ஒரு கோடு. பின்னுக்கு நிக்கிற ஆக்கள் ஒவ்வொரு இடம் முன்னுக்கு வருவினம். வெட்டுப்பட்ட ஆள் கடைசியிலை போய் நிக்கவேணும். இடாப்பிலை போட்ட கோட்டை அழிக்கிறேல்லை. அது நான் பள்ளிக்கூடத்திலையிருந்து கொண்டுவந்த சட்டம்.

என்ரை நம்பர் பன்னிரண்டு. நூறு பேருக்குப் பிறகு வந்தவன் எப்பிடிப் பன்னிரண்டு எண்டு பாக்கிறியளோ? சனம்தான் "சேர் முன்னுக்கு நில்லுங்கோ" எண்டது. நான் மறுக்கேல்லை. அதைப் பெரிசா எடுக்காதேங்கோ, சொல்ல வந்தது வேறை.

செவ்வாய்க்கிழமையும் எண்ணெய் கொண்டுவாற பவுசர் வரேல்லை. வெயிலிலை நிண்டு சனம் நாட்டைப் பிரிச்சு மேய்ஞ்சுது. ஒருத்தர் இளைப்பாறின நீதவான் ஒருத்தரைக் கொண்டுவரவேணும் எண்டார். சந்தியிலை மோட்டச்சைக்கிள் திருத்துற சுகந்தன், ஒரு ஆமிக்காரனை வைச்சால் ரெண்டு நாளிலை எல்லாம் நேராகும் எண்டான். "எங்களை அவை நேராக்கினது காணும்" எண்டு ஒரு அம்மா சொன்னா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம். இன்னொருத்தர், கிரிக்கெட்டுக்குக் கோச்சை வெளிநாட்டிலையிருந்து எடுக்கிறமாதிரி இதுக்கும் ஒருத்தனை எடுப்பம் எண்டார்.

நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையிலை ஏறி நிண்டு பேசினன். ஓம், ஏறித்தான் நிண்டன். நாட்டை ஆளுறவனுக்கு மூண்டு தகுதி வேணும் எண்டன். முதலாவது, சொந்தக்காரரைக் கிட்டவும் வைச்சிருக்கக்கூடாது. ரெண்டாவது, பிழை விட்டால் சனத்துக்கு முன்னாலை ஒப்புக்கொள்ள வேணும். மூண்டாவதும் ஒண்டு சொன்னனான், இப்ப ஞாபகமில்லை. அதுக்குத்தான் கூடக் கை தட்டினவை.

பேந்து பகிடிக்கு ஒரு தேர்தல் வைச்சம். கொப்பியின்ரை பின்பக்க ஒற்றையளைக் கிழிச்சு, துண்டு துண்டாக் குடுத்து, அடுத்த ஜனாதிபதி ஆர் எண்டு எழுதிப் போடச் சொன்னன். நூற்றிநாலு துண்டு. நீதவானுக்குப் பத்தொன்பது. ஆமிக்காரனுக்கு ஆறு. முப்பத்தேழு துண்டிலை "எங்கடை சேர்" எண்டு கிடந்தது.

பகிடிதான். எனக்குத் தெரியாதோ பகிடியெண்டு? ஆனால் அந்தத் துண்டுகளை நான் எறியேல்லை, தம்பி. சேட்டுப் பையுக்குள்ளை வைச்சு வீட்டை கொண்டுபோய், என்ரை மனிசிக்குத் தெரியாமல் ரெண்டாந்தரம் எண்ணிப் பாத்தன். இப்பவும் அலுமாரிக்குள்ளை கிடக்கு.

அண்டைக்குப் பின்னேரம் கொறற்றி வந்து, "சேர், நான் உங்களுக்குத்தான் போட்டனான்" எண்டா. கொறற்றி ஆரெண்டு சொல்லவேணும். கரையூர்ப் பிள்ளை. அவவின்ரை மனிசன் அருளப்பு கடலுக்குப் போறவர். அவர் தோணியடியை விட்டு வரேலாது எண்டு இவதான் கானோடை நிண்டவ. இருபத்திரண்டு நாள் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. அந்தக் கிழமை பாத்து, சூடை மீன் கரைக்குக் கிட்ட வந்து நிண்டது. ஒருநாள் போனால் காணும், எல்லாத்தையும் நிமித்திப்போடுவம் எண்டு நிண்டவ.

நான் சிரிச்சுக்கொண்டு, "எனக்கேன் பிள்ளை போட்டனீர்?" எண்டு கேட்டன். அவ சொன்னது இதுதான். "ஐஞ்சாம் வகுப்பிலை நான் காலமை அம்மாவோடை கரைக்குப் போட்டுப் பிந்தித்தானே வருவன். நீங்கள் என்ரை பேரைக் கூப்பிட்டுப்போட்டு, நான் இல்லாட்டிலும் வரவு போடுவியள். வாசலிலை நிண்டு பாத்தனான் சேர். ஒருநாளும் என்னை வெட்டேல்லை."

எனக்கு அது மறந்தே போச்சு. அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. வரவு குறைஞ்சால் அந்தப் பிள்ளைக்குச் இலவசப் புத்தகம் கிடைக்காது. அதுக்காகப் போட்டிருப்பன். அவ அதை நாப்பது வருசமா வைச்சிருந்து அண்டைக்குச் சொன்னா.

புதன்கிழமை சுகந்தன் எல்லாருக்கும் முன்னாலை என்னைக் கேட்டுப்போட்டான். என்ரை கூட்டாளி ஒருத்தர், வங்கியிலை இருந்தவர், பன்னிரண்டு மணி இடாப்புக்கு இல்லை. வீட்டை குளிக்கப் போட்டார். நான் வெட்டேல்லை. சுகந்தன் கண்டிட்டான். "பெரியவர் கொழும்பிலை தன்ரை ஆக்களுக்குச் செய்யிறதைத்தானே சேர் நீங்கள் இஞ்சை செய்யிறியள்?" எண்டான். ஒருத்தராவது எனக்காகக் கதைப்பினம் எண்டு பாத்தன், ஒருத்தரும் கதைக்கேல்லை. நேற்று முப்பத்தேழு பேர் போட்டவை, இண்டைக்கு ஒருத்தருக்கும் வாயில்லை.

அடுத்தநாள் வியாழன். பன்னிரண்டு மணி. இடாப்புக் கூப்பிட்டன். முப்பத்தொன்பதாம் நம்பர், கொறற்றி. பதிலில்லை. ரெண்டாந்தரம் கூப்பிட்டன். மூண்டாந்தரம் கூப்பிட்டன். எல்லாரும் என்ரை கையைத்தான் பாக்கினம். சுகந்தன் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறான். சிவப்புப் பேனையை எடுத்து வெட்டினன்.

பத்து நிமிசத்திலை அவ ஓடி வந்தா. வேர்த்து விறுவிறுத்து, ஒரு காலிலை செருப்புமில்லை. "சேர், வந்திட்டன்" எண்டா. "இடாப்பிலை போட்ட கோட்டை அழிக்கேலாது பிள்ளை. கடைசியிலை போய் நில்லும்" எண்டன். அவ என்னை ஒருக்காப் பாத்தா. குனிஞ்சு, கயித்தை அவிட்டு, தன்ரை கானை உருவி எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போனா.

அதுக்குப் பேந்துதான் பவுசர் வந்தது. எண்பது பேருக்குத்தான் எண்ணெய் காணும் எண்டு செற் முகாமையாளர் சொன்னார். ஆளுக்குப் பத்து லீற்றர். எண்பதோடை முடிஞ்சுது. கொறற்றி அப்ப நூற்றி எத்தினையோ.

சுகந்தன் வந்து என்ரை கையைப் பிடிச்சான். "சேர், நேற்றுக் கதைச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சட்டமெண்டால் உங்களைப்போலை ஒரு ஆள்தான் வேணும்" எண்டான். சனம் கை தட்டினது.

நீங்களும் தலையாட்டுறியள். சேர் செய்தது சரிதானே எண்டு நினைக்கிறியள். எல்லாரும் உப்பிடித்தான் நினைச்சவை. அந்த யன்னலை ஒருக்காச் சாத்துங்கோ, காத்து முகத்திலை அடிக்குது.

இல்லைத் தம்பி. நான் ஒண்டை மாத்திச் சொல்லிப்போட்டன். பவுசர் பேந்து வரேல்லை. பதினொண்டரைக்கே வந்திட்டுது. எண்பது பேருக்குத்தான் எண்டு முகாமையாளர் சொன்னதும் இடாப்புக்கு முந்தித்தான். சொன்னவுடனை நான் கொப்பியைப் பிரிச்சுப் பாத்தன். எண்பத்தோராவது ஆள் கேதீஸ்வரன். என்ரை மருமகன். மகளைக் கட்டினவன்.

அவனுக்கும் தேவைதான். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி விட ஏழு நாள் மிசின் ஓடேல்லை. பயிர் வாடி நிலத்திலை படுத்திட்டுது. அவன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, அதையும் சொல்லவேணும். தன்ரை இடத்திலை நிண்டு என்னைப் பாத்தவன், அவ்வளவுதான். நான் கொப்பியை மூடினன். மூடிப்போட்டு நினைச்சன், ஒருத்தர் வராமல் விட்டால் காணும்.

ஒருத்தர் வரமாட்டா எண்டு எனக்குத் தெரியும், தம்பி. ஏனெண்டால் அவவை அனுப்பினது நான்.

எனக்குப் பிறசர். காலமைக் குளிசையை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். பதினொரு மணிபோலை தலை சுத்தினது. கொறற்றிதான் முதல் கண்டவ. "சேர், முகம் வெளிறிக் கிடக்கு, வீட்டை போங்கோ" எண்டா. வீடு ஒரு மைல் தள்ளி, நான் கொப்பியை விட்டிட்டு எப்பிடிப் போறது? நான் போனால் வரிசை குழம்பிப்போடும் எண்டு நினைச்சன். நானில்லாட்டி அங்கை ஒண்டும் நடக்காது எண்டு உண்மையா நம்பினனான். "அப்ப நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்" எண்டா. "பன்னிரண்டு மணி இடாப்பு..." எண்டு அவ இழுக்க, நான் சொன்னன், "அதை நான் பாத்துக்கொள்ளுறன் பிள்ளை, நீர் போட்டு வாரும்."

பாத்துக்கொள்ளுறன் எண்ட வாயாலைதான் மூண்டு தரம் அவவின்ரை பேரைக் கூப்பிட்டனான். சத்தமாக் கூப்பிட்டனான். கடைசி ஆளுக்கும் கேக்கட்டும் எண்டு கூப்பிட்டனான்.

ஓடி வந்தா எண்டனே, கையிலை என்ன இருந்தது எண்டு நான் சொல்லேல்லை. ஒரு கையிலை குளிசை மட்டை. மற்றக் கையிலை என்ரை வீட்டுத் தண்ணிப் போத்தல். கடைசியிலை போய் நில்லும் எண்டு நான் சொல்லேக்கை அவ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். "நீங்கள்தானே சேர் அனுப்பினியள்?" அது காணும். சுகந்தன் என்னை அந்த இடத்திலையே உரிச்சிருப்பான். அவ வாயைத் திறந்தவ. நான் சுகந்தனைப் பாத்தன். திறந்து, "சேர், குளிசை" எண்டு மட்டும் சொல்லி நீட்டினா.

நான் வாங்கினன். வாங்கி, ஒரு குளிசையை வாயிலை போட்டு, அவ கொண்டுவந்த தண்ணியைக் குடிச்சு விழுங்கினன். நான் விழுங்கும் வரைக்கும் நிண்டு பாத்திட்டுத்தான் கானை எடுக்கப் போனவ.

சனம் அதைப் பாத்துக்கொண்டுதான் நிண்டது. படிப்பிச்ச வாத்தியாருக்கு அந்தப் பிள்ளை ஏதோ உதவி செய்யுது எண்டு நினைச்சிருப்பினம். பேந்துதான் கை தட்டினவை.

கேதீஸ்தான் கடைசி ஆளா எண்ணெய் அடிச்சவன். எண்பதாவது. கானைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகேக்கை முகத்தை நிமித்தேல்லை. அவனும் மனிசன்தானே. அந்த முறை வெங்காயம் தப்பினது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பிடி குடுத்துவிட்டவன். நான் அதைக் கறியிலை கண்டால் தள்ளி வைச்சிடுவன். மனிசி, உங்களுக்கு என்ன புதுப் பழக்கம் எண்டு கேப்பா.

மனிசியும் அண்டைக்குக் கேட்டவ. நான் எண்ணெயோடை வீட்டை போக, அடுப்பை நிரப்பிக்கொண்டு, "கொறற்றிக்குக் கிடைச்சதோ? பாவம், வெயிலுக்குள்ளாலை ஓடி வந்தவள். நான்தான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டு மறிச்சு வைச்சிருந்தன். இடாப்பு இருக்கம்மா எண்டு துடிச்சவள். சேர் இருக்கிறார்தானே, ஏன் பயப்பிடுறாய் எண்டு சொன்னன்" எண்டா. நான் "ஓம், கிடைச்சது" எண்டு சொல்லிப்போட்டுக் கிணத்தடிக்குப் போட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் பெரியவர் விலகிட்டார் எண்டு செய்தி வந்தது. சந்தியிலை வெடி கொளுத்திச்சினம். நான் கடைக்குப் போனன், சுகந்தன் என்ரை தோளிலை கை போட்டு, "கதிரை காலியாப் போச்சு, எங்கடை சேரை அனுப்புவம்" எண்டு கத்தினான். எல்லாரும் சிரிச்சினம். எனக்கு அந்த இடத்திலை நிலம் பிளந்து உள்ளை போனால் காணும் எண்டிருந்தது. அப்ப சொல்லியிருக்கலாம். சனமெல்லாம் கூடி நிண்டது, ஏறி நிண்டு பேசக் கதிரையும் அங்கை கிடந்தது. ரெண்டாவது தகுதி எண்டு சொன்னனே, அது அப்ப எனக்கு நல்லா ஞாபகம் வந்தது. நான் சிரிச்சன். அவையோடை சேந்து சிரிச்சன்.

அடுத்த பவுசர் வர ஒன்பது நாள். அதுக்கிடையிலை சூடை கரையை விட்டுப் போட்டுது. அருளப்பு எஞ்சினை வித்துப்போட்டார். இப்ப இன்னொருத்தற்றை தோணியிலை கூலிக்குப் போறார். பத்து லீற்றராலை அது நடந்தது எண்டு சொல்லேலாது. பத்து லீற்றரிலை ஒரு தோணி எவ்வளவு தூரம் போகும்? ஒருநாள் போய் வரும். ஒருநாள்தான். அந்த ஒருநாளைத்தான் அவ கேட்டவ எண்டும் எனக்குத் தெரியும்.

அதுக்குப் பேந்து ஒரு தேர்தல் வந்தது. நானும் போனன். மறைப்புக்குள்ளை போய் நிண்டு சீட்டை விரிச்சால், வரிசையாப் பேர். கையிலை பேனை. எனக்குப் புள்ளடி போடக் கை வரேல்லை. இதிலை ஆர் தன்ரை ஆளுக்காக ஆரை வெட்டுவான் எண்டு யோசிச்சன். யோசிக்கிறதுக்கு நான் ஆர்? சும்மா மடிச்சுப் பெட்டிக்குள்ளை போட்டிட்டு வந்திட்டன். இருபத்தெட்டு வயசிலை ஒரு பிள்ளைக்காகப் பொய் வரவு போடத் துணிஞ்சவன், அறுபத்தெட்டு வயசிலை அதே பிள்ளைக்கு உண்மையான வரவைப் போடேல்லை. எனக்கு அதுதான் விளங்கேல்லை, தம்பி. வயசு போகப் போக மனிசன் திருந்துவான் எண்டுதானே நான் படிப்பிச்சனான்.

கொறற்றி இப்ப சந்தியிலை, செற்றுக்கு முன்னாலை மீன் விக்கிறா. போன மாதம் தெரியாத்தனமா எதிர்ப்பட்டிட்டன். மீனை வெட்டிக்கொண்டிருந்தவ, கத்தியை வைச்சிட்டு எழும்பினா. "சேர், பிறசர் எப்பிடி? குளிசை ஒழுங்காப் போடுறியளோ?" எண்டு கேட்டா.

குத்திக் கேட்டவவோ, உண்மையாத்தான் கேட்டவவோ, எனக்குத் தெரியாது. முகத்தைப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கேல்லை.

அந்த பெல்லை ஒருக்கா அடிச்சுவிடுங்கோ, தம்பி. இல்லை, என்ரை வீட்டுக்குச் சந்தியிலைதான் இறங்கவேணும், அடுத்த தரிப்பு. நான் இஞ்சை இறங்கி ஒழுங்கையாலை நடந்து போறன்.